திருவயிறு வாய்த்த உடையபிராட்டியார்: சோழ அரசியரின் அதிகாரமும் பொதுப்படிமமும்

ஆய்வுச்சுருக்கம்

சோழ அரசியரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவர்களுடைய பக்தியையும் கொடையையும் முன்னிறுத்துகின்றன. அரசுரிமையில் அவர்களுக்கிருந்த பங்கு கதைகளின் பொருளாகவே விடப்பட்டுள்ளது. செம்பியன் மாதேவியார், குந்தவைப் பிராட்டியார், பஞ்சவன் மாதேவியார், பரவை நங்கையார் ஆகியோர் தொடர்பான கல்வெட்டுகளில் வரும் பட்டப்பெயர்களையும் உறவுச் சொற்களையும் இக்கட்டுரை அரசியல் சான்றுகளாகக் கொண்டு ஆராய்கிறது. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து அரசியரின் நிலை ஒப்புமைக்காக ஓரிடத்தில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சோழர், செம்பியன் மாதேவி, குந்தவை, கங்கைகொண்டசோழபுரம், பள்ளிப்படை, அரசுரிமை, வேளம்

முன்னுரை

அரியலூர் மாவட்டம் மீன்சுருட்டி ஒரு கூட்டுச்சாலை ஊர். தெற்கே செல்லும் சாலை அணைக்கரை வழியாகக் கும்பகோணத்தை அடைகிறது. கிழக்கே காட்டுமன்னார்கோயிலும் சிதம்பரமும் உள்ளன. மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்டசோழபுரம் இருக்கிறது. இந்த மூன்று திசைகளிலும் சோழ அரசியரின் தடம் பதிந்துள்ளது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில், ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலம் பறிமுதல் செய்யப்பட்டதைக் கூறும் கல்வெட்டு உள்ளது. கும்பகோணத்தை அடுத்த பழையாறையில் ஓர் அரசிக்கு எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் நிற்கிறது. கங்கைகொண்டசோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழாய்வுகள் அரண்மனையின் செங்கற் சுவர்களை வெளிக்கொணர்ந்துள்ளன.

எனினும் இப்பகுதியின் பள்ளி, கல்லூரி மாணவர்கள் குந்தவையையும் செம்பியன் மாதேவியையும் அறிந்துகொள்வது கல்வெட்டுகளின் வழியாக அன்று. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்த பொன்னியின் செல்வன் புதினமும், 2022, 2023ஆம் ஆண்டுகளில் அதன் அடிப்படையில் வெளிவந்த திரைப்படங்களுமே அவர்களுக்கு முகம் கொடுத்துள்ளன. புதினம் வரலாற்றைத் திரித்தது என்று குறை கூறுவது எளிது; அதனால் பயனும் இல்லை. புதினம் எந்த இடத்தில் கல்வெட்டிலிருந்து விலகுகிறது, அந்த விலகல் எதை மறைக்கிறது என்பதே ஆய்வுக்குரிய வினா. அந்த இடம் செம்பியன் மாதேவியாரின் தாய்மை ஆகும்.

தாய்மை என்னும் அரசியல் பட்டம்

மழவர் குடியில் பிறந்த செம்பியன் மாதேவியார் கண்டராதித்த சோழரின் தேவியார். ஏறத்தாழ பொ.ஆ. 957இல் கண்டராதித்தர் மறைந்தபோது அவர்களுடைய மகன் மதுராந்தகன் சிறுவன். அரசு கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயருக்கும், பின்னர் அவருடைய மகன் சுந்தர சோழருக்கும் சென்றது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். அதன்பின் ஏறத்தாழ பொ.ஆ. 970இல் மதுராந்தகன் உத்தம சோழன் என்னும் பெயருடன் அரசு பெற்றான். சுந்தர சோழரின் இளைய மகன் அருள்மொழி, பின்னாளைய முதலாம் இராசராசன், பொ.ஆ. 985 வரை காத்திருந்தான்.

குடும்பத்தின் ஒரு கிளை தன் மகனை இழக்கிறது. மற்றொரு கிளையின் மகன் அரியணை ஏறுகிறான். கொலையாளிகளின் சொத்துப் பறிமுதல் உடையார்குடிக் கல்வெட்டில் பதிவாவது இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டில்தான். இவற்றைச் சேர்த்துப் பார்த்த கே.ஏ. நீலகண்ட சாத்திரியார் உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார். பின்வந்த ஆய்வாளர் பலர் அதை ஏற்கவில்லை. அருள்மொழி தன் சிறிய தந்தையின் விருப்பத்தை மதித்து விட்டுக்கொடுத்தான் என்னும் பொருளில் திருவாலங்காட்டுச் செப்பேடு பேசுகிறது. வென்றவர் தரப்பில் எழுந்த ஆவணம் என்பதால் அதன் பெருந்தன்மையை அப்படியே ஏற்பதற்கில்லை.

கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு உண்டா என்பதை இக்கட்டுரை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பிளவின் நடுவே நின்ற பெண்ணின் நிலை என்ன என்பதே இங்குப் பொருள். செம்பியன் மாதேவியாரின் கல்வெட்டுகள் சுந்தர சோழர் காலத்திலும், உத்தம சோழன் காலத்திலும், இராசராசன் காலத்திலும் தொடர்ந்து கிடைக்கின்றன. பொ.ஆ. 1001 வரை அவருடைய கொடைகள் பதிவாகின்றன. கணவரை இழந்த பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் பொதுவாழ்வில் இருந்திருக்கிறார். எந்தக் கிளை ஆண்டாலும் அவர் நிலை குலையவில்லை.

அவரைக் குறிக்கும்போது கல்வெட்டுகள் திரும்பத் திரும்ப ஆளும் தொடர், உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்தவர் என்பதாகும். இதனுடன் உடையபிராட்டியார் என்னும் சொல்லும் சேர்கிறது. ஆளும் அரசனின் தேவியைக் குறிக்க நம்பிராட்டியார் என்னும் சொல் வழங்கியது. உடையபிராட்டியார் என்பதோ அரசனைக் குறிக்கும் உடையார் என்னும் சொல்லின் பெண்பாலாகவே ஒலிக்கிறது. அரசனின் மனைவிக்கு உரிய சொல்லுக்கும் அரசனைப் பெற்றவருக்கு உரிய சொல்லுக்கும் இடையே அரசு எழுத்தர்கள் வேறுபாடு காட்டினர் என்பது கவனத்திற்குரியது.

திருவயிறு வாய்த்த என்பது பாசமொழி அன்று, உரிமைமொழி. அரசுரிமை ஐயத்திற்கு உள்ளான ஒரு மன்னனை, கண்டராதித்தரின் உரிய மனைவி பெற்ற மகன் என்று கோயில்தோறும் கல்லில் அறிவிக்கும் தொடர் அது. வேறு சொற்களில் கூறினால், உத்தம சோழனின் அரியணைக்கு அவருடைய தாயின் பெயரே சான்றாவணமாகப் பயன்பட்டது. பதிலுக்கு அந்தத் தாய்க்கு, கைம்பெண்ணாகிய அவருக்கு, அரசில் முதன்மையான இடம் கிடைத்தது. இது ஒருவகைக் கொடுக்கல் வாங்கல்.

கல்கியின் புதினத்தில் செம்பியன் மாதேவியார் தம் மகன் அரசனாவதை எதிர்க்கிறார். இறுதியில், மகனாக வளர்ந்தவன் அவர் வயிற்றில் பிறந்தவனே அல்லன் என்று தெரியவருகிறது. துறவு மனம் கொண்ட சிவபக்தையும் அரசுரிமையை நாடும் தாயும் ஒரே உருவில் அடங்கமாட்டார்கள் என்று புதின ஆசிரியர் கருதியிருக்க வேண்டும். அதனால் தாய்மையையே நீக்கிவிட்டார். கல்வெட்டுகள் எதை உரக்கக் கூறினவோ அதையே புதினம் மறுத்தது. இதை வெறும் கற்பனை உரிமை என்று தள்ளிவிட இயலாது. அரசியலில் ஈடுபடும் பெண் தூய்மையானவளாக இருக்க முடியாது என்னும் 20ஆம் நூற்றாண்டு நடுத்தரக் குடும்பக் கருத்து அதில் வேலை செய்கிறது. பத்தாம் நூற்றாண்டுச் சோழ அவைக்கு அத்தகைய தடை இருந்ததாகத் தெரியவில்லை.

கல்லான கணவர்

செம்பியன் மாதேவியாரின் திருப்பணிகள் நன்கு அறியப்பட்டவை. கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லம், தென்குரங்காடுதுறை, விருத்தாசலம், திருக்கோடிக்காவல், திருமணஞ்சேரி, திருவாரூர் அசலேச்சரம் எனப் பட்டியல் நீளும். எஸ்.ஆர். பாலசுப்ரமணியமும் பா. வெங்கடராமனும் அவற்றின் கட்டடக்கலையை விரிவாக எழுதியுள்ளனர். இங்கு இரண்டு செய்திகள் மட்டும் போதும்.

முதலாவது, கோனேரிராசபுரம். அக்கோயில் கண்டராதித்தரின் பெயரால் எழுப்பப்பட்டது. கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பம் ஒன்று அங்குச் சுவரில் உள்ளது. அதன்கீழ் உருவத்தை விளக்கும் கல்வெட்டும் உண்டு. கோயிலைக் கட்டுவித்த அதிகாரியான ஆலத்தூருடையான் சாத்தன் குணபட்டன் என்பவரின் உருவமும் பெயரும் அங்கேயே பொறிக்கப்பட்டுள்ளன. அரசியின் ஆணையால் பணிபுரிந்த அதிகாரி பட்டம் பெற்றுக் கல்லில் நிற்கிறார். இறந்த கணவரின் பெயரால் கோயில் எழுப்புவதைக் கைம்மையின் பக்தி என்று மட்டும் விளக்குவோர் உண்டு. ஆனால் கண்டராதித்தரின் பெயர் மங்கிப்போனால் யாருக்கு இழப்பு? அவர் மகனுக்கு. அரசுரிமை தம்பியின் கிளைக்குச் சென்று மீண்ட நிலையில், மூத்த கிளையின் தந்தையை நிலையாக நினைவூட்ட வேண்டிய தேவை உத்தம சோழனின் தரப்புக்கே இருந்தது.

இரண்டாவது, திருக்கோடிக்காவல். பழைய செங்கற் கோயிலைக் கற்றளியாக மாற்றும்போது, அங்கு முன்பிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கச் செய்தார் அரசியார். படியெடுக்கப்பட்டவை என்று அவற்றிலேயே குறிப்பும் உள்ளது. முன்னோர் கொடுத்த அறக்கட்டளைகள் சுவர் இடிந்ததால் அழிந்துவிடக்கூடாது என்னும் நிர்வாக நோக்கு இதில் தெளிவு. ஆவணத்தின் மதிப்பை அறிந்த ஆட்சியாளர் ஒருவரின் செயல் இது. கோயில் திருப்பணி வரலாற்றில் பழைய கல்வெட்டுகள் கவனமின்றிச் சிதைக்கப்பட்ட நேர்வுகள் பின்னாளில் எத்தனையோ உண்டு என்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும்.

நாகப்பட்டினம் பகுதியில் அவர் பெயரிலேயே அமைந்த செம்பியன் மாதேவி என்னும் ஊரின் கைலாசநாதர் கோயிலில் வேறொரு காட்சி விரிகிறது. அரசியார் பிறந்த சித்திரைக் கேட்டை நாளைக் கொண்டாட உத்தம சோழனின் தேவியர் பலர் அங்கு நிவந்தம் அளித்தனர். அவர்களுள் பழுவேட்டரையர், இருங்கோளர் போன்ற தலைவர்களின் மகளிரும் உண்டு. மாமியாரின் பிறந்தநாளுக்கு மருமகளிர் கொடை அளிப்பது குடும்பச் செய்தி போலத் தோன்றலாம். ஆயினும் அந்த மருமகளிர் ஒவ்வொருவரின் பின்னும் ஒரு குறுநிலத் தலைமை நிற்கிறது. பிறந்தநாள் விழா அத்தலைமைகளை ஒரே முற்றத்தில் கூட்டியது.

அவர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, இராசேந்திரன் ஆட்சியில், பொ.ஆ. 1019 அளவில் அவருடைய திருமேனி அதே கோயிலில் எழுந்தருளுவிக்கப்பட்டு வழிபாட்டிற்கும் வழிசெய்யப்பட்டது. வாசிங்டன் பிரீர் கலைக்கூடத்தில் உள்ள சோழர் காலப் பெண் செப்புத்திருமேனி ஒன்றை அவருடையது என்று கலை வரலாற்றாளர் சிலர் கருதுகின்றனர். அது உமையா, அரசியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்த ஐயம் எழுவதே ஒரு சான்று. தேவிக்கும் தேவியாருக்கும் இடையே கோடு மெல்லியதாக இருக்கும்படி அவ்வுருவம் வார்க்கப்பட்டுள்ளது.

அக்கன்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் தொடக்கக் கல்வெட்டில் இராசராசன் கொடையாளர்களை வரிசைப்படுத்துகிறான். முதலில் தான், அடுத்து அக்கன், அதன்பின் தன் பெண்டுகள், பிறகு மற்றையோர். பட்டத்தரசியருக்கு முன்னால் அக்கையார் வைக்கப்பட்டதைப் பலரும் சுட்டியுள்ளனர். ஆனால் அன்பின் வெளிப்பாடு என்று கூறி நிறுத்திவிடுகின்றனர்.

வல்லவரையர் வந்தியதேவரின் மனைவியான குந்தவைப் பிராட்டியார் தம் கணவரின் தலைமையிடத்தைக் காட்டிலும் பிறந்த வீட்டின் அரண்மனைகளோடேயே மிகுதியும் இணைத்துப் பேசப்படுகிறார். நீலகண்ட சாத்திரியாரின் கணக்குப்படி அவர் தஞ்சைக் கோயிலுக்கு அளித்த பொன் ஏறத்தாழ 10,000 கழஞ்சு. கொடையின் அளவைவிட அது செயல்பட்ட முறை முக்கியமானது. தாம் எழுந்தருளுவித்த திருமேனிகளின் அமுதுபடிக்கும் விழாவுக்கும் அவர் இட்ட முதல், ஊர்ச்சபைகளிடம் வட்டிக்குக் கொடுக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 3 குறுணி நெல் வட்டி. 520 காசு பெற்ற ஒரு சபை ஆண்டுதோறும் 130 கலம் நெல்லை அளக்கக் கடமைப்பட்டது. சந்திரசூரியர் உள்ளவரை முதலைத் திருப்பித் தரவேண்டியதில்லை. வட்டியை நிறுத்தவும் இயலாது. இவ்வாறு ஓர் அரசியின் பெயர் ஊர்ச்சபையின் ஆண்டுக்கணக்கில் நிலையான வரியாக இடம்பெற்றுவிடுகிறது. சிற்பத்தையோ விழாவையோ காணாத உழவனுக்கும், தன் களத்தில் அளக்கும் நெல்லின் ஒரு பகுதி யார் பெயரால் தஞ்சைக்குச் செல்கிறது என்பது தெரிந்திருக்கும்.

தாதாபுரத்தில் அவர் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் தனித்தனியே கோயில் எழுப்பினார். தஞ்சையில் தம் தந்தை பெயரால் விளங்கிய சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, நிலம் அளித்தார். மூன்று சமயங்களையும் ஒருவர் புரப்பது அரசனுக்குரிய மரபு. அதை அரசன் அல்லாத ஒருவர் செய்தார் என்பதும், அதற்கு எவரும் தடை கூறியதாகச் சான்றில்லை என்பதும் குந்தவையின் நிலையைக் காட்டும்.

தஞ்சைக் கோயிலில் அவர் எழுந்தருளுவித்த திருமேனிகளுள் இரண்டு அவருடைய பெற்றோருடையவை: பொன்மாளிகைத் துஞ்சின தேவராகிய சுந்தர சோழர், வானவன் மாதேவியார். வானவன் மாதேவியாரோ கணவருடன் தீப்புகுந்தவர். பால்குடி மாறாத மகவை விட்டுச் சென்றார் எனத் திருக்கோவலூர்க் கல்வெட்டு அவரைப் புகழ்கிறது. ஒரே அரண்மனையில் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் இரண்டு கைம்பெண்கள். ஒருவர் தீயில் இறங்கினார். மற்றவர் நாற்பது ஆண்டுகள் கோயில் கட்டினார். இருவருக்கும் பின்னாளில் திருமேனி கிடைத்தது. சோழர் காலத்தில் உடன்கட்டை கட்டாயமா, இல்லையா என்னும் பொதுவினாவுக்கு இந்த இரு வாழ்க்கைகளே விடை. மகன் அரசுரிமைக்குக் காத்திருந்த தாய் உயிரோடு இருக்க வேண்டியவராக இருந்தார் என்னும் அரசியல் காரணத்தையும் புறந்தள்ள இயலாது.

இங்கிலாந்து அரசியரின் ஒப்புமை

பெண்ணின் அரசதிகாரம் என்றவுடன் ஆய்வுலகில் முதலில் எழும் பெயர் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத். அவர் 1558 முதல் 1603 வரை தம் உரிமையிலேயே ஆண்டார். அவருக்கு முன் 1553இல் முடிசூடிய முதலாம் மேரியின் காலத்தில், ஆண் அரசனுக்குள்ள அதே அதிகாரம் பெண் அரசிக்கும் உண்டு என்று 1554இல் பாராளுமன்றம் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. எலிசபெத் தம் உருவப்படங்களைக் கட்டுப்படுத்த முயன்றார். ஏற்கத்தக்க மாதிரி ஒன்று கிடைக்கும்வரை எவரும் அரசியின் படத்தை வரையக்கூடாது என 1563இல் ஓர் அறிவிப்பு வரைவு செய்யப்பட்டது. 1588இல் இசுபானியக் கடற்படை முறியடிக்கப்பட்டபின் வரையப்பட்ட புகழ்பெற்ற ஓவியத்தில் அவருடைய கை உலக உருண்டையின்மேல் படிந்திருக்கிறது.

இந்த ஒப்புமையை அப்படியே சோழ நாட்டிற்குப் பொருத்துவது தவறு. சோழ அரசியருள் எவரும் தனித்து முடிசூடவில்லை. அவர்கள் பெயரில் ஆட்சியாண்டு எண்ணப்படவில்லை. ஆந்திர நாட்டில் 13ஆம் நூற்றாண்டில் காகதீய ருத்திரமாதேவி தம் உரிமையில் ஆண்டார். சோழ மரபில் அத்தகைய நேர்வு இல்லை. செம்பியன் மாதேவியாருக்கு இங்கிலாந்தில் உண்மையான இணை எலிசபெத் அல்லர். அவருடைய தந்தைவழிப் பாட்டனின் தாயான மார்கரெட் போபர்ட் என்பவரே. உரிமை ஐயத்திற்குரிய நிலையில் 1485இல் போர்க்களத்தில் முடியைப் பெற்ற ஏழாம் என்றியின் தாய் அவர். அரசனின் தாயார் என்பதையே பட்டமாகக் கொண்டார். கேம்பிரிட்சில் இரண்டு கல்லூரிகள் அவருடைய அறக்கொடையால் தோன்றின. அவரும் மகனின் அரசுரிமைக்குத் தம் குருதியையே சான்றாகத் தந்தவர். அவரையும் பின்வந்தோர் பக்தியின் உருவமாகவே நினைவுகொண்டனர். ஐந்து நூற்றாண்டு இடைவெளியும் இருவேறு சமயங்களும் கொண்ட இரு நாடுகளில் கட்டமைப்பு ஒத்திருக்கிறது: மகனின் உரிமை உறுதியற்றதாக இருக்கும்போது தாயின் படிமம் பெருக்கப்படுகிறது.

வேறுபாடும் உண்டு. எலிசபெத்தின் முகம் நாணயத்தில் ஊர் ஊராகச் சென்றது. சோழ அரசியரின் முகம் செல்லவில்லை, பெயரே சென்றது. சதுர்வேதிமங்கலங்கள், ஈச்சுரங்கள், விண்ணகரங்கள் எல்லாம் அப்பெயர்களைத் தாங்கின. புதுச்சேரிக்கு அருகிலுள்ள திருபுவனை, திரிபுவன மாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்னும் பெயரின் எச்சம் என்பதை அவ்வூரில் வாழ்வோரே இன்று நினைப்பதில்லை.

பள்ளிப்படையும் பாவை விளக்கும்

இராசராசனின் தேவியருள் உலகமாதேவியார் எனப்பட்ட தந்திசத்தி விடங்கியார் முதன்மையானவர். திருவையாற்றில் அவர் எழுப்பிய உலகமாதேவீச்சுரம் வடகயிலாயம் என வழங்குகிறது. பொ.ஆ. 1014இல் திருவிசலூரில் இராசராசன் துலாபாரம் புகுந்தபோது அவர் இரணியகருப்பம் புகுந்தார். பொன்னால் ஆன பசுவின் வயிற்றில் நுழைந்து வெளிவரும் இச்சடங்கு பொதுவாக அரசர்கள் செய்வது. அதை அரசி செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் இராசேந்திரன் பள்ளிப்படை எடுத்தது உலகமாதேவியாருக்கு அன்று. தன்னைப் பெற்ற தாய்க்கும் அன்று. சிற்றன்னையாகிய பஞ்சவன் மாதேவியாருக்கே பழையாறையில் பஞ்சவன் மாதேவீச்சுரத்தை எழுப்பினான். அவன் ஏழாம் ஆட்சியாண்டான பொ.ஆ. 1019இல் இக்கோயிலுக்குரிய ஏற்பாடுகள் பதிவாகின்றன. இவரைப் பழுவேட்டரையர் குடியோடு ஆய்வாளர் இணைக்கின்றனர். அக்குடியின் இருப்பிடமான கீழப்பழுவூரும் மேலப்பழுவூரும் இன்றைய அரியலூர் மாவட்டத்திலேயே உள்ளன. முதலாம் பராந்தகன் காலந்தொட்டே, அன்பில் செப்பேடு கூறுவதுபோல, பழுவேட்டரையர் மகளிர் சோழர்க்கு மனைவியராயினர். அரிஞ்சயரே அத்தகைய ஒரு தாய்க்குப் பிறந்தவர். உத்தம சோழனின் தேவியருள்ளும் அக்குடி மகள் உண்டு என்பது மேலே கூறப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்த குடியின் பெண்ணுக்குப் பள்ளிப்படை எழுந்ததை மகனின் பாசம் என்று மட்டும் விளக்குவது கதைக்கு அழகு, அரசியலுக்குப் போதாது. மழநாட்டையும் கொள்ளிடக் கரையையும் கையில் வைத்திருந்த குடியோடு உள்ள உறவு, கொள்ளிடத்திற்கு வடக்கே புதிய தலைநகர் எடுக்கவிருந்த அரசனுக்குத் தேவையாகவே இருந்திருக்கும்.

திருவாரூரில் நிலை வேறு. அணுக்கியார் பரவை நங்கையார் அரசனின் மணமனைவி அல்லர். அவர் வீதிவிடங்கர் கோயிலைக் கற்றளியாக்கிப் பொன் வேய்ந்தார். அரசனும் அவரும் தேரேறி வந்து கோயிலில் நின்ற இடத்தில் விளக்கு ஒன்று வைக்கப்பட்டது. பாவை விளக்கு எரியும் அந்த இடம் அரசனின் அணுக்கத்தையே பொதுக்காட்சியாக மாற்றியது. இராசேந்திரனுக்குப் பின்னர், முதலாம் இராசாதிராசன் காலத்தில், இருவருடைய படிமங்களுக்கும் வழிபாடு ஏற்படுத்தப்பட்டது. தந்தையின் அணுக்கியாருக்கு மகன் சிறப்புச் செய்வது, அணுக்கியார் என்னும் நிலை அவையில் இழிவாகக் கருதப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. அதே இராசாதிராசன் காலத்தில்தான், பொ.ஆ. 1044இல் இறந்த இராசேந்திரனுடன் தீப்புகுந்த வீரமாதேவியாருக்காக, அவர் உடன்பிறந்தான் பிரமதேசத்தில் தண்ணீர்ப் பந்தல் அமைத்தான்.

பெண்வழி வந்த முடி

முதலாம் இராசராசனின் மகளான இளைய குந்தவை வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்தார். அவர்கள் மகன் இராசராச நரேந்திரன் இராசேந்திரனின் மகள் அம்மங்கைதேவியை மணந்தான். இவர்களுக்குப் பிறந்தவனே பொ.ஆ. 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். அவன் தேவியான மதுராந்தகியும் இரண்டாம் இராசேந்திரனின் மகள். தந்தைவழியில் சாளுக்கியனாகிய அவன் சோழனானது தாய், பாட்டி, மனைவி என மூன்று பெண்களின் வழியாக.

செயங்கொண்டார் இதைக் கலிங்கத்துப்பரணியின் அவதாரப் பகுதியில் நுட்பமாகக் கையாள்கிறார். கங்கைகொண்ட சோழனின் தேவி, தம் மகள் பெற்ற குழந்தையை எடுத்து அதன் உடற்குறிகளைக் கண்டு இவனே தம் குலத்தை விளக்குவான் என மகிழ்வதாகப் பாடுகிறார். போரைப் பாட எடுத்த நூலில் ஒரு பாட்டியின் மடிக்கு இடம் தரப்பட்டது காரணமின்றி அன்று. மரபுவழி உரிமை இல்லாத இடத்தில் பாட்டியின் ஏற்பே பட்டயம். உத்தம சோழனுக்குத் தாயின் வயிறு எதைச் செய்ததோ அதையே குலோத்துங்கனுக்குப் பாட்டியின் கை செய்தது. புலவரின் கற்பனை என்றாலும், அவையில் இசைக்கப்பட்ட கற்பனை. கேட்டோர் அதை ஏற்கத்தக்கதாகக் கருதியிருக்க வேண்டும்.

குலோத்துங்கனின் மெய்க்கீர்த்திகளில் அவனுடன் அரியணையில் புவனமுழுதுடையாள் வீற்றிருக்கிறாள். பெயரின் பொருளே உலகம் முழுவதையும் உடையவள் என்பது. இங்கு அரசியின் தனிப்பெயர் மறைந்து பட்டம் மட்டும் எஞ்சுகிறது. இராசராசன், இராசேந்திரன் மெய்க்கீர்த்திகளில் நிலமகளும் திருமகளும் சயமகளும் அரசனுக்குத் தேவியராக உருவகிக்கப்பட்டனர். பிற்காலத்தில் உருவகமும் அரசியும் ஒன்றாகிவிட்டதாகத் தோன்றுகிறது. லெசுலி ஓர் காட்டியிருப்பதுபோல, பிற்சோழர் காலத்தில் அரசகுலப் பெண்களின் கொடைகள் குறைய, கோயிற்பெண்டிரின் கொடைகள் மிகுகின்றன. அரியணையில் இடம் கிடைத்த காலத்தில் கருவூலத்தின் திறவுகோல் கைநழுவியது என்று இதை விளக்கலாம். பட்டத்தின் ஒலி பெரிதாவதை அதிகாரத்தின் வளர்ச்சியாகக் கொள்ளும் பாடநூல் மரபு இங்கு மறுபரிசீலனைக்கு உரியது.

கங்கைகொண்டசோழபுரத்தில்

2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட கங்கைகொண்டசோழபுரம் கோயிலில், தஞ்சையில் உள்ளது போன்ற அரசியரின் நீண்ட கொடைப்பட்டியல் இல்லை. இராசேந்திரன் அளித்த கொடைகளே பின்னர் வீரராசேந்திரனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில்தான் பதிவாயின. 1836இல் அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டபோது இக்கோயிலின் மதிற்கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அக்கற்களில் எழுத்து இருந்திருந்தால் அது கொள்ளிட நீரில் கரைந்திருக்கும். இராசேந்திரனின் பெண்டிரைப் பற்றி அவனுடைய தலைநகரைவிடத் திருவாரூரும் பழையாறையும் பிரமதேசமும் மிகுதியாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தலைநகரைப் பற்றிப் பேசும்போது வேளங்களை விட்டுவிட முடியாது. அரண்மனையைச் சார்ந்த பணிப்பெண்டிரின் குடியிருப்புகளாகிய வேளங்கள் தஞ்சையிலும் கங்கைகொண்டசோழபுரத்திலும் இருந்தன. அவற்றுள் பல அரசர், அரசியரின் பெயர்களையே தாங்கின. போரில் கவர்ந்துவரப்பட்ட பெண்டிரும் அவற்றில் இருந்தனர் என்பதை தாவுத் அலி உள்ளிட்ட ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். பகை அரசரின் மகளிரைக் கவர்ந்ததை மெய்க்கீர்த்திகள் வெற்றியாகவே பாடுகின்றன. ஆக, ஓர் அரசியின் பெயர் கோயிலுக்கும் இடப்பட்டது, சதுர்வேதிமங்கலத்திற்கும் இடப்பட்டது, அடிமைப்பெண்டிர் வாழ்ந்த குடியிருப்புக்கும் இடப்பட்டது. முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அரசியரின் பெருமையை எழுதும் கட்டுரைகள் மூன்றாவதைத் தொடுவதில்லை. வேளத்துப் பெண்டிருள் சிலர் கோயிலுக்கு ஆடும் விளக்கும் அளித்துத் தம் பெயரைப் பொறித்துக்கொண்டனர். அப்பெயருக்கு முன்னே தாம் எந்த வேளத்தவள் என்பதையும் எழுதச் செய்தனர்.